கீழ்ப்பலகையில் இர்மெலி

சோத்காமோ
9 செப்டம்பர் 1996

அன்புள்ள ரௌனோ அண்ணாவுக்கு,

துர்குவில் நீ எப்படி இருக்கிறாய்? முதுகுவலி தேவலையா? நானும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனா ஒத்துழைக்கவில்லை.

தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் மூன்று நிமிடம் பேசினால் என் குரல் மூக்குக்கு ஏறிவிடுகிறது. "என்னடி, மூக்கடைப்பா?" என்று கேட்பாய். அதனால் கடிதம். அதுவும் காலையில்தான். மதியத்துக்கு மேல் கை தளர்ந்து, எழுத்து கோழி கிளறினது போல ஆகிவிடும்.

இமை தொங்குகிறது என்று போன மாதம் சொன்னேன் அல்லவா? அது தூக்கமின்மை இல்லையாம். தசைச்சோர்வு நோய். நம் இர்மெலிக்கு வந்த அதே நோய். மருத்துவர் லின்ட்ரூஸ் பெயரைச் சொன்னதும் எனக்குச் சிரிப்புதான் வந்தது. "இதுல சிரிக்க என்ன இருக்கு?" என்றார் பாவம். உனக்கு மனைவியாகி எனக்கு அண்ணியாக வேண்டியவள் இதே நோயில் போனாள் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

மாலையில் எல்லாம் இரண்டிரண்டாகத் தெரிகிறது. இரண்டு சாலை, இரண்டு மான். எந்த மானுக்குப் பிரேக் போடுவது? பஸ்ஸை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். பதினெட்டு வருடம் ஓட்டிய வண்டி, அண்ணா. அதைத் திரும்ப ஓட்ட வேண்டும். எனக்கு அது ஒன்றுதான் வேண்டும்.

நெஞ்செலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியை எடுத்தால் நோய் தணிய வாய்ப்பு உண்டாம். எந்த வழியாக எடுப்பது என்று என்னையே யோசிக்கச் சொல்லியிருக்கிறார். இர்மெலிக்குச் செய்ததுபோல் கழுத்து வழியாகச் செய்தால் என்ன? நீ நெஞ்சறுவை மருத்துவனாக இருந்தவன். உன்னை விட்டால் நான் யாரைக் கேட்பேன்?

பாசத்துடன்,
ஹில்க்கா

•

துர்கு
20 செப்டம்பர் 1996

அன்புத் தங்கை ஹில்க்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. முதுகு பரவாயில்லை. மாத்திரையை வேளை தவறாமல் போடு. சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால் போட்டால் மெல்லுவதும் விழுங்குவதும் சுலபமாக இருக்கும்.

கேட்டதற்குப் பதில். நெஞ்செலும்பை நடுவில் ரம்பத்தால் பிளந்து திறப்பது பழைய வழி. பெரிய தழும்பு. எலும்பைக் கம்பியால் கட்டுவார்கள், கூடுவதற்கு மூன்று மாதம். அதுவரை ஸ்டியரிங் தொடக்கூடாது. ஆனால் சுரப்பி, அதைச் சுற்றிய கொழுப்பு, இரண்டு பக்கத்து நரம்புகள் எல்லாம் வெட்டவெளிச்சமாகக் கண்ணுக்குத் தெரியும். விலா இடுக்கில் துளைகள் போட்டு, கேமரா விட்டு எடுப்பது புது வழி. வலி குறைவு, ஒரு வாரத்தில் வீடு. ஆனால் நுழைந்த பக்கம் நன்றாகத் தெரியும், எதிர்ப்பக்கம் மங்கல். லின்ட்ரூஸ் இதுவரை எத்தனை செய்திருக்கிறார் என்று கேள். இருபதுக்குக் கீழ் என்றால் அவர் பழகுவதற்கு நீ படுக்க வேண்டாம்.

எலும்பைத் திறந்தே செய்துகொள். என் முடிவு அதுதான்.

சவுனா நீராவி அறையில் அதிகநேரம் உட்காராதே. இந்த நோய்க்குச் சூடு ஆகாது. பக்கத்து வீட்டு எல்வியை விசாரித்ததாகச் சொல்.

உன் அண்ணன்,
ரௌனோ

•

சோத்காமோ
1 அக்டோபர் 1996

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ அங்கே நலமாக இருந்தால் எனக்கு இங்கே பாதி நோய் குறைந்த மாதிரி. உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். பாடப்புத்தகம் தோற்றது. ஆனால் நான் கேட்டது கழுத்து வழியைப் பற்றி. நீ எழுதியது மீதி இரண்டைப் பற்றி. பஸ் கஜானிக்குப் போகுமா என்று கேட்டால் மற்ற ஊர்களின் நேரத்தை எல்லாம் ஒப்பிக்கிற ஆளை நான் பார்த்திருக்கிறேன். நீ அப்படிப்பட்ட ஆள் இல்லை.

லின்ட்ரூஸ் துளை வழியில் பதினொன்றுதான் செய்திருக்கிறாராம். ஆகவே அது வேண்டாம். கழுத்து வழியைப் பழைய ஆட்களிடம் கற்றிருக்கிறாராம். வேண்டுமென்றால் செய்கிறேன் என்கிறார். பத்து நாளில் எழுந்துவிடுவேன்.

சவுனாவுக்குப் போகாதே என்று ஒரு ஃபின்லாந்துக்காரியிடம் சொல்ல உனக்கு எப்படி மனம் வந்தது? சனிக்கிழமை எல்வி அக்காவோடு போனேன். அவள் மேல்பலகையில், நான் சூடு குறைந்த கீழ்ப்பலகையில்தான் உட்கார்ந்தேன், பயப்படாதே. சூட்டில் பார்வை பிரிந்தது. அடுப்பு இரண்டு, வாளி இரண்டு, எல்வி அக்கா இரண்டு. இரண்டாவது எல்வி ஒரு பலகை கீழே, என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். கூந்தலை அவிழ்த்து விட்டிருந்தாள். எல்வி அக்காவுக்குக் கூந்தல் ஏது? ஆண்பிள்ளை மாதிரி வெட்டியிருப்பாளே.

சூட்டில் மூளை கலங்கியிருக்கும் என்று விட்டுவிட்டேன். ஆனால் அன்றிலிருந்து இர்மெலி ஞாபகமாகவே இருக்கிறது. அறுவைக்குப் பிறகு வந்த அந்தக் குளிர்காலம் முழுக்க அவளும் நம் வீட்டுச் சவுனாவில் கீழ்ப்பலகையில்தானே உட்காருவாள்? கழுத்துத் தழும்பை என்னைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுவாள். "உங்க அண்ணன் போட்ட சங்கிலிடி" என்பாள். எனக்குப் பதினாறு வயது. எனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று பொறாமைப்பட்டேன். கேட்டது கிடைத்துவிட்டது, பார்.

கழுத்து வழியில் என்ன குறை? அதை மட்டும் எழுது.

உன்
ஹில்க்கா

•

துர்கு
2 நவம்பர் 1996

அன்புள்ள ஹில்க்காவுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது? பதில் தாமதமாகிவிட்டது. ஆப்பிள் மரத்தைக் கவாத்து செய்கிற வேலை இருந்தது. இங்கே மழைதான், இன்னும் பனி விழவில்லை.

கழுத்து வழி இப்போது வழக்கத்தில் குறைந்துவிட்டது. எலும்பைத் திறந்தே செய்துகொள். லின்ட்ரூஸிடம் நான் சொன்னதாகச் சொல்.

கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி தனியே அனுப்பியிருக்கிறேன்.

அண்ணன்,
ரௌனோ

•

சோத்காமோ
10 நவம்பர் 1996

அண்ணாவுக்கு,

காலுறை வந்தது. அளவு சரி. நலமா என்று கேட்டிருந்தாய். நலமில்லை.

ஒரு மாதம் காத்திருந்தேன். எட்டு வரி எழுதியிருக்கிறாய், அதில் மூன்று மழையும் மரமும். என் நெஞ்சை அறுக்கச் சொல்கிறாய், காரணம் கேட்டால் ஆப்பிள் மரத்தைக் காட்டுகிறாய். சின்ன வயதில் நான் எதைக் கேட்டாலும் "உனக்குப் புரியாது போ" என்பாய். எனக்கு நாற்பத்தொரு வயது ஆகிறது.

இதையும் சொல்லிவிடுகிறேன். இரட்டைப் பார்வை வந்தால் ஒரு கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லியிருக்கிறார் லின்ட்ரூஸ். மூடினால் பொய் உருவம் போய், மெய் மட்டும் நிற்கும். நேற்றுச் சவுனாவில் மூடினேன். ஒரு அடுப்பு போனது. ஒரு வாளி போனது. ஒரு எல்வி அக்கா போனாள். கீழ்ப்பலகையில் இருந்தவள் போகவில்லை. அடுத்த கண்ணை மூடினேன். அப்போதும் போகவில்லை. தலையைக் குனிந்து, என்னிடம் ஏதோ கேட்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். அண்ணா, எனக்குப் பயமாக இருக்கிறது.

எனக்கும் அவளுக்கும் ஒரே நோய். அவளுக்குச் செய்ததே எனக்கும் போதும். டிசம்பர் 12ஆம் தேதி, கழுத்து வழி என்று லின்ட்ரூஸிடம் சொல்லிவிட்டேன். உனக்கு மறுப்பு இருந்தால் காரணத்தோடு எழுது. இல்லையென்றால் காலுறை மட்டும்

கை நிற்கவில்லை. ஹில்க்கா

•

சோத்காமோ
24 நவம்பர் 1996

மருத்துவர் தம்பி ரௌனோவுக்கு எல்வி எழுதுறது,

நல்லா இருப்பீங்கன்னு நினைக்கிறேன். எனக்கு எழுத்து நடை வராது, பேசுற மாதிரியே எழுதுறேன், கோவிச்சுக்காதீங்க.

வியாழக்கிழமை வழக்கம்போல பட்டாணி சூப் வெச்சு ஹில்க்காவுக்கு எடுத்துட்டுப் போனேன். நாலாவது கரண்டி தொண்டையில நின்னுடுச்சு. இருமக்கூட அவளுக்குத் தெம்பு இல்ல. உதடு நீலமாயிடுச்சு. ஆம்புலன்ஸ் வந்து குவோப்பியோவுக்குக் கொண்டுபோய், மூச்சு மெஷின்ல மூணு நாள் வெச்சாங்க. இப்ப எடுத்துட்டாங்க. ரத்தத்தைச் சுத்தம் பண்றாங்களாம். உயிருக்கு ஆபத்து இல்லன்னு சொல்றாங்க. ஆபரேஷன் தேதியைத் தள்ளி வெச்சுட்டாங்க.

பேச முடியாம சிலேட்டுல எழுதிக் காட்டுறா. முதல்ல என்ன எழுதுனா தெரியுமா? "தபால் வந்ததா?" மறுநாளும் அதே. நான் என்னத்தைச் சொல்றது?

தம்பி, நான் முப்பது வருஷம் பால் பண்ணையில வேலை பார்த்தவ. எந்த மாடு பாலை அடக்குதுன்னு எனக்குத் தெரியும். நீங்க எதையோ அடக்குறீங்க. அது என்னவோ, அவ கழுத்துல கத்தி வைக்கிறதுக்கு முந்தி சொல்லிடுங்க. அப்புறம் சொல்லி யாருக்கு என்ன லாபம்?

இப்படிக்கு,
எல்வி

•

துர்கு
28 நவம்பர் 1996

என் ஹில்க்காவுக்கு,

நீ மூச்சு விடுகிறாய் என்று நேற்று மருத்துவமனையைத் தொலைபேசியில் கேட்டு உறுதி செய்துகொண்டேன். அதற்குப் பிறகுதான் இதை எழுதத் துணிவு வந்தது. எல்வி அக்கா படித்துக் காட்ட வேண்டாம். நீயே படி, மெதுவாக.

1971 நவம்பரில் இர்மெலியின் அறுவையில் நான் உதவி மருத்துவனாக நின்றேன் என்பது உனக்குத் தெரியும். நிச்சயமான பெண்ணின் அறுவையில் நான் நின்றிருக்கவே கூடாது. கெஞ்சிக் கேட்டு நின்றேன். தலைமை மருத்துவர் எலும்பைப் பிளக்கத்தான் சொன்னார். இர்மெலி ஒப்பவில்லை. அடுத்த ஜூன் மாதம் கல்யாணம். அதற்கு முந்தின நாள் மணப்பெண் சவுனாவில் அவள் அம்மா, அத்தைமார், தோழிகள் எல்லோரும் சேர்ந்து அவளைக் குளிப்பாட்டுவார்கள். "மரக்கட்டையைப் பொளந்த மாதிரி நெஞ்சோட அவங்க முன்னாடி எப்படி உட்காருவேன்? எலும்பைத் தொட விடாதே, சத்தியம் பண்ணு" என்றாள். சத்தியம் செய்தேன். தலைமை மருத்துவரைப் பேசிப் பேசிக் கழுத்து வழிக்குச் சம்மதிக்க வைத்தேன்.

அந்த வழியில் குறை என்ன என்று கேட்டாயே. கழுத்துக்குக் கீழே சின்ன வெட்டு. அங்கிருந்து விரலை விட்டுச் சுரப்பியை மேலே இழுக்க வேண்டும். அதற்குக் கீழே இரண்டு வால் உண்டு. கண்ணுக்குத் தெரியாத ஆழத்திலிருந்து அவை வர வேண்டும். சிலசமயம் அறுந்துவிடும்.

எங்கள் அறுவை அறையில் ஒரு முறை இருந்தது. வெளியே எடுத்த சுரப்பியை உதவி மருத்துவன் ஈரமான பச்சைத் துணியில் விரித்து, இரண்டு பாதியையும் ஒப்பிட்டுப் பார்த்துச் சொல்ல வேண்டும். அவன் சொன்ன பிறகுதான் தையல் போடுவார்கள். நான் விரித்தேன். ஹெர்ரிங் மீனைப் பிளந்து வைத்தால் இரண்டு வால் தெரியுமே, அப்படி இருக்க வேண்டும். வலது வால் இருந்தது. இடது வால் பாதியில் பிய்ந்திருந்தது.

"முழுசா வந்துருச்சா?" என்று கேட்டார் தலைமை மருத்துவர்.

இல்லை என்றால் எலும்பைத் திறந்துதான் மீதியைத் தேட வேண்டும். ரம்பம் தயாராக மேசையில் இருந்தது. நான் சத்தியம் செய்திருந்தேன்.

"வந்துருச்சு" என்றேன்.

அறிக்கையிலும் அதையே எழுதினேன். துணியை மடித்து நானே எடுத்துப் போட்டேன்.

ஜூனில் கல்யாணத்தைத் தள்ளிவைத்தோம். அவள் தளரத் தளர என்னைக் கேட்பாள். "முழுசா எடுத்துட்டாங்கதானே? அப்புறம் ஏன் எனக்கு இப்படி?" ஒவ்வொரு தடவையும் ஆமாம் என்றேன். 1973 ஜனவரியில் மூச்சு நின்று போனாள். பிணத்தைத் திறந்து பார்த்த மருத்துவர் இடது பக்கம் மீதி இருந்ததைக் கண்டு எழுதியிருந்தார். தலைமை மருத்துவர் அந்தத் தாளை என்னிடம் காட்டினார். திருப்பி வாங்கிக் கோப்பில் வைத்தார்.

அந்தத் துண்டை எடுத்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது. எடுத்தும் தேறாதவர்கள் உண்டு. இருபத்துமூன்று வருடமாக அந்தத் 'தெரியாது' என்னோடு ஒரே வீட்டில் இருக்கிறது. மீன் கழுவும்போது வாலைப் பார்க்க முடியவில்லை. பச்சைத் துணி எதுவும் வீட்டில் இல்லை. கத்தியை ஏன் சீக்கிரம் கீழே வைத்துவிட்டேன் என்று ஊரெல்லாம் கேட்டது. முதுகுவலி என்றேன்.

அவள் உன்னிடம் என்ன கேட்கிறாள் என்று எனக்குத் தெரியும், ஹில்க்கா.

ரௌனோ

•

துர்கு
19 டிசம்பர் 1996

அன்புள்ள ஹில்க்காவுக்கு,

நீ வீட்டுக்கு வந்துவிட்டதாக எல்வி அக்கா சொன்னாள். நலமா? என் கடிதம் கிடைத்ததா? பதில் எழுத வேண்டாம், கிடைத்தது என்று ஒரு வார்த்தை போதும். கிறிஸ்துமஸுக்கு வரட்டுமா?

ரௌனோ

•

சோத்காமோ
11 ஜனவரி 1997

ரௌனோவுக்கு,

கிடைத்தது.

கிறிஸ்துமஸுக்குக் கூப்பிடாததற்குக் காரணம் உனக்கே தெரியும். அன்று இர்மெலியின் கல்லறைக்கு மெழுகுவத்தி ஏற்றப் போனேன். வழக்கமாக இரண்டு ஏற்றுவேன், உனக்கு ஒன்று, எனக்கு ஒன்று. இந்தத் தடவை ஒன்றுதான் ஏற்றினேன்.

அவளுக்குச் செய்ததை மன்னிக்கிற உரிமை எனக்கு இல்லை. எனக்குச் செய்ய இருந்தாயே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பட்டாணி சூப் தொண்டையில் நிற்காமல் இருந்திருந்தால், டிசம்பர் பன்னிரண்டாம் தேதி என்னையும் கழுத்து வழியே அனுப்பிவிட்டு, நீ துர்குவில் ஆப்பிள் மரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்திருப்பாய்.

பிப்ரவரி 4, குவோப்பியோவில். எலும்பைத் திறந்துதான். எனக்கு மணப்பெண் சவுனா எதுவும் இல்லை, அத்தைமார் கண்ணுக்கும் பயமில்லை. ஒரே ஒரு நிபந்தனை. லின்ட்ரூஸிடம் பேசி அனுமதி வாங்கிவிட்டேன். நீ உள்ளே வந்து நிற்க வேண்டும். கத்தி தொட வேண்டாம். சுரப்பியை வெளியே எடுத்ததும் துணியில் விரித்து நீ பார்க்க வேண்டும். லின்ட்ரூஸ் கேட்பார். நீ பதில் சொல்ல வேண்டும்.

வராவிட்டால் இதுதான் உனக்கு என் கடைசிக் கடிதம்.

ஹில்க்கா

•

குவோப்பியோ
5 பிப்ரவரி 1997

ஹில்க்காவுக்கு,

மருத்துவமனைக் காபிக் கடையில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீ மேலே மயக்க மருந்தில் இன்னும் தூங்குகிறாய். நன்றாக மூச்சு விடுகிறாய். விழித்ததும் எல்வி அக்கா இதை உன் கையில் தருவாள். என்னைப் பார்க்க உனக்கு இஷ்டம் இருக்குமோ இருக்காதோ என்று தெரியாததால், பேச வேண்டியதை எழுதி வைக்கிறேன்.

பத்து வருடத்துக்குப் பிறகு கையைத் தேய்த்துக் கழுவினேன். உன் நெஞ்சைத் திறக்கும்போது சுவரைப் பார்த்தபடி நின்றேன். ரம்பச் சத்தம் நின்றபிறகு திரும்பினேன். லின்ட்ரூஸ் பொறுமையாகத்தான் எடுத்தார், நல்ல கை. துணியில் வைத்து என்னிடம் தள்ளினார். அங்கே இப்போது நீலத்துணிதான். எனக்கு அது பச்சையாகவே தெரிந்தது.

விரித்தேன். வலது வால் நீளம். இடது வால் குட்டை.

பிறவியிலேயே அப்படி இருப்பது உண்டு, ஹில்க்கா. பாதிப் பேருக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவு இருக்காது. அப்படி நினைத்துக்கொள்ள எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா?

"எனக்குத் திருப்தி. முழுசாத்தான் இருக்கு, இல்லையா? மூடலாமா?" என்றார் லின்ட்ரூஸ்.

"இல்ல" என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சத்தமாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது.

"இடது பக்கம் குறையுது. கீழ பாருங்க, நரம்புக்குப் பக்கத்துல."

"அங்க வெறும் கொழுப்புதான், ரௌனோ."

"பாருங்க."

கால்மணி நேரம் தேடினார். நான் அந்தத் துணியை விட்டு நகரவில்லை. கடைசியில் கொழுப்புக்குள்ளிருந்து ஒரு துண்டு வந்தது, சுண்டுவிரல் நகம் அளவு. குட்டையாக இருந்த வாலோடு சேர்த்து வைத்தேன், பொருந்தியது. ஆய்வுக்கூடமும் கையோடு சோதித்துத் தைமஸ்தான் என்று உறுதி செய்துவிட்டது. அதற்குப் பிறகுதான் மூடினார்கள்.

வெளியே வந்து தாழ்வாரத்தில் உட்கார்ந்து அழுதேன். உனக்காக மட்டும் இல்லை. ஒரு வார்த்தைதான், ஹில்க்கா. சொல்ல ஒரு விநாடி கூட ஆகவில்லை.

ரௌனோ

•

சோத்காமோ
14 ஜூன் 1997

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ நலம்தானா? முதுகுவலியைக் கேட்கமாட்டேன், அது பொய் என்று இப்போது தெரிந்துவிட்டது.

நான்கு மாதம் எழுதாமல் இருந்தது கோபத்தால் இல்லை. உன் கடிதத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று புரியவில்லை. இப்போது மணி மாலை ஏழு. கவனித்தாயா? மாலையில் எழுதுகிறேன். இந்தப் பக்கம் முடியப் போகிறது, எழுத்து இன்னும் நேராக நிற்கிறது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்தாயிற்று. எல்லோருக்கும் இவ்வளவு சீக்கிரம் தேறாதாம், எனக்கு அதிர்ஷ்டம் என்கிறார் லின்ட்ரூஸ். ஆகஸ்டில் பஸ்ஸுக்குப் பார்வைப் பரிசோதனை.

நேற்று எல்வி அக்காவோடு சவுனாவுக்குப் போனேன். என் நெஞ்சைப் பார்த்துவிட்டு, "என்னடி இது, ஜிப்பு வெச்சுத் தெச்சு விட்டிருக்காங்க" என்றாள். இருவரும் சிரித்தோம். நெடுநேரம் இருந்தேன். அடுப்பு ஒன்று. வாளி ஒன்று. எல்வி அக்கா ஒன்று, அதுவே போதும்.

கீழ்ப்பலகை காலியாக இருந்தது. ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், அடுத்ததையும் மூடிப் பார்த்தேன். யாருமில்லை. நிம்மதியாகத்தான் இருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. குளிர்காலம் முழுக்க என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாளே.

மன்னித்துவிட்டாயா என்று நீ கேட்கவில்லை. கேட்காதது நல்லது. மெழுகுவத்தி இந்த வருடம் எத்தனை என்று எனக்கு இன்னும் தெரியாது. ஜூன் கடைசியில் இங்கே வா. அந்தக் கல்யாணம் நடந்திருக்க வேண்டிய நாளில் சேர்ந்து கல்லறைக்குப் போவோம்.

அதற்கு முன்னால் ஒன்று. என்னிடம் அவளுக்கு இனி வேலை இல்லை. உன்னிடம்தான் வந்திருப்பாள் என்று நினைக்கிறேன். வந்தால் கீழேதான் உட்காருவாள், விரட்டாதே. தலையைக் குனிந்து அதே கேள்வியைக் கேட்பாள். லின்ட்ரூஸிடம் சொன்ன அந்த ஒரு வார்த்தையை அவளிடமும் சொல்.

உன் தங்கை,
ஹில்க்கா